காருக்கு வில்லங்கம் பார்த்த கதை

எதையும் முறைப்படி செய்கிறவன் நான். எனக்கும் என்னைச் சார்ந்தவர்களுக்கும் இதுவரை நேர்ந்த சேதங்களைப் பட்டியல் போட்டால் முக்கால்வாசிக்கு அதுதான் காரணம் என்று தெரியவரும். மீதிக் கால்வாசிக்கு என் மனைவியின் யோசனைகள் காரணம் என்று முன்பெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதில்லை. (நான் எழுதுவதை அவள் படிக்க ஆரம்பித்துவிட்டாள்.)

பதிவுத்துறையில் எழுத்தராகச் சேர்ந்து சார்பதிவாளராக ஓய்வு பெற்றவன். தாய்ப்பத்திரம் பார்க்காமல், வில்லங்கம் போட்டுப் பார்க்காமல், நான்கு எல்லையையும் நடந்து பார்க்காமல் ஒரு சென்ட் நிலம்கூட வாங்கக் கூடாது என்று ஊருக்கே உபதேசம் செய்தவன். அந்த உபதேசம் நிலத்துக்கு மட்டும்தான் பொருந்தும் என்பது தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பல்லடத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

கதை என் மச்சினன் குமரேசனிடமிருந்து தொடங்குகிறது. என் மனைவி தனலட்சுமியின் ஒரே தம்பி. கோயமுத்தூர் கணபதியில் சொந்தமாகப் பம்ப்செட் பட்டறை. வயது இருபத்தொன்பது. கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. பேசும் பழக்கமும் கிடையாது. ஒரு மோட்டாரின் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவான். மனிதர்களிடம் சொல்வதற்குத்தான் அவனிடம் எதுவும் இருக்காது. இரண்டு வருடமாக அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் தகையவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் என் மாமியார். "பஸ்ஸுல போயி எறங்கினா எவனுங்க மதிப்பான்? மாப்பிள்ளை ஊட்டுக்காரங்கன்னா ஒரு காருல போயி எறங்கோணும்" என்றார். அதைத் தனலட்சுமி பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, பழைய காராவது ஒண்ணு வாங்குங்க. என்ற தம்பிக்கு ஒரு வழி பொறக்கட்டும்."

ஆக, அந்தக் கார் எனக்காக வாங்கப்படவில்லை என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன். குமரேசனின் கல்யாணத்துக்காக வாங்கப்பட இருந்தது.

உக்கடத்தில் பழைய வண்டி வாங்கி விற்றுக்கொண்டிருந்த இப்ராஹிம் பாய் ஒரு கிரீம் கலர் காரைக் காட்டினார். மரியாதையான மனிதர். அந்தத் தொழிலில் சொந்தக்காரரைக் 'கை' என்பார்கள். எத்தனை பேரிடம் இருந்ததோ அத்தனை கை.

"மூணு கை வண்டி சார். நான் எதையும் மறைக்கல. முதல் கை பல்லடத்துல ஒரு தறிக்காரர். ரெண்டாவது ஆர்.எஸ்.புரம் டாக்டர். மூணாவது ஒரு மில் ஆபீசர், மாத்தலாகிப் போறார். புக்கு சுத்தம்."

சுத்தம் என்று ஒருவர் சொன்னால் அதை நம்புகிறவன் பதிவுத்துறையில் ஒரு வாரம் தாங்க மாட்டான். நான் விடுப்பு போட்டேன். வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் போய்ப் பதிவேட்டைப் பார்த்தேன். ஆர்.சி. புத்தகத்தோடு எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் ஒப்பிட்டேன். (சேஸிஸ் எண்ணுக்காகக் காரின் அடியில் படுத்ததில் ஒரு சட்டை போயிற்று.) வரி கட்டியிருக்கிறதா, இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா, எந்த பைனான்ஸுக்காவது அடமானக் குறிப்பு இருக்கிறதா, பெயர் மாற்றப் படிவங்கள் சரியா என்று வரிசையாகப் பார்த்தேன். டாக்டரை அவருடைய கிளினிக்கில் டோக்கன் வாங்கிப் பார்த்தேன். எல்லாம் சரி.

வேறு ஒருவராக இருந்தால் அத்துடன் காரை வாங்கியிருப்பார். எனக்கு மூலம் தெரிய வேண்டியிருந்தது.

"ஆறு வருசம் முன்னாடி வித்துட்டுப் போனவரைப் போய்ப் பார்த்து என்ன சார் கேப்பீங்க?" என்றார் பாய்.

"முதல் கை எப்படியோ அப்படித்தான் வண்டி, பாய்."

அவர் தாடியைத் தடவிக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் வெச்சிருக்கேன். வேறொருத்தரும் கேக்கறாரு."

விசாரணைக்கு நான் வகுத்த திட்டத்தைச் சொல்ல வேண்டும். அதில் இப்போதும் எனக்கு ஒரு பெருமை உண்டு. கார் வாங்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு போனால் உஷாராகிவிடுவார்கள். ஆகவே, காரைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. முதலில் அக்கம்பக்கத்தில் ஆளைப் பற்றி விசாரிக்க வேண்டும். ஆள் யோக்கியம் என்றால் பிறகு வீட்டுக்குப் போய்ப் பேச்சுவாக்கில் கேட்க வேண்டும். ஒரு முழுநீளத் தாளில் பதினான்கு கேள்விகள் எழுதினேன். எந்தக் கேள்வியிலும் கார் என்ற சொல் வராது. எல்லாம் 'மேற்படி'தான்.

கொங்கு நாட்டில் இப்படி, சொல்லாமல் கொள்ளாமல் போய், டீக்கடையில் குடும்பத்தைப் பற்றிக் கேட்டுவிட்டு, பிறகு வீட்டுக்குள் நுழைகிறவர்கள் எதற்காக வருவார்கள் என்பது சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். அன்றைக்கு மட்டும் நினைவுக்கு வரவில்லை.

எஞ்சினைப் பற்றி ஏதாவது பேச்சு வந்தால் புரிந்துகொள்ள ஆள் வேண்டும் என்று குமரேசனை அழைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் சலவைச் சட்டை போட்டிருந்தான். "வெறுங்கையோட ஒரு ஊட்டுக்குப் போகக் கூடாதுங்க" என்று தனலட்சுமி ஒரு பையில் ஆப்பிளும் ஒரு சீப்பு வாழைப்பழமும் போட்டுக் கொடுத்தாள். அவனுடைய மோட்டார் சைக்கிளில் பல்லடம் போய், அங்கிருந்து உள்ளே பிரிகிற ஊருக்கு, காலை பத்து மணிக்கெல்லாம் போய்விட்டோம். முனையில் டீக்கடை. பெஞ்சில் ஆறேழு பேர்.

"ஏனுங்க, தறிக்காரர் ரங்கசாமி ஊடு எதுங்க?"

"தெக்க போயி வேப்பமரத்துல திரும்பினா பச்சைக் கேட்டுங்க. என்ன விசயமா வந்தீங்க?" என்றார் டீக்கடைக்காரர்.

"சும்மா, ஒரு விசாரிப்புங்க."

ஆற்றிக்கொண்டிருந்த டீ பாதியில் நின்றது.

"விசாரிப்புங்களா."

"ஆமாங்க. ஆளு எப்படிங்க?"

"தங்கமான மனுசனுங்க."

"கோர்ட்டு கேசுன்னு ஏதாச்சும்?"

"அந்தத் தெசைக்கே போனதில்லீங்க."

"குடி?" (குடித்துவிட்டு ஓட்டியிருந்தால் வண்டி என்னத்துக்கு ஆகும்?)

"சளி புடிச்சா ஒரு மூடி பிராந்திங்க. அதும் அம்மிணி ஊத்திக் குடுத்தாத்தான்."

பெஞ்சில் இருந்தவர்கள் தலையாட்டி ஆமோதித்தார்கள். குமரேசன் சற்றுத் தள்ளி வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் அவனைக் கூப்பிட்டேன்.

"மாப்ளே, இங்க வா. டீ ஆறுது."

அத்தனை பேரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். மேலிருந்து கீழ் ஒரு முறை, கீழிருந்து மேல் ஒரு முறை.

எங்கள் பக்கம் மனைவியின் தம்பியை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவோம். பெண் பார்க்க வந்த பையனையும் அப்படித்தான். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தவர்கள், என்னைப் போன்ற ஒருவன் அந்த டீக்கடைக்கு வருவான் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

"தம்பி என்ன பண்றாருங்க?"

"சொந்தமா பம்ப்செட் பட்டறைங்க. நானு விசாரிக்கறதோட சரி. இவரு பாத்துப் புடிச்சிருக்குன்னு சொன்னாத்தான் முடிக்கிறது."

"அதுதானுங்க மொறை. காலம் பூராம் அவருதானுங்களே பாத்துக்கோணும்."

"ஆமாங்க. பட்டறைக்காரரு, நல்லாப் பாத்துக்குவாரு."

"தம்பி என்ன கூட்டம்ங்க?"

அதாவது குலம். எங்கள் பக்கம் கூட்டம் கேட்பது, மற்ற ஊர்களில் மணி கேட்பதைப் போல. சொன்னேன். டீக்கடைக்காரர் பெஞ்சைப் பார்த்தார். "அப்ப பங்காளி இல்லீங்க. மொறைதான்" என்றார் ஒருவர் திருப்தியுடன். வேட்டியை மடித்துக் கட்டிய இன்னொருவர், டீயைக்கூட முடிக்காமல் மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு தெற்கே போனார்.

நாங்கள் எழுந்தபோது டீக்கடைக்காரர் விடவில்லை. இன்னொரு டீ, பிறகு வடை, பிறகு மழையைப் பற்றி ஒரு கேள்வி என்று அரை மணி நேரம் உட்கார வைத்தார். காசும் வாங்கவில்லை. பல்லடத்துக்காரர்களைப் போல உபசரிக்க ஆள் கிடையாது என்று குமரேசனிடம் சொன்னேன். அவன் தலையாட்டினான்.

பச்சைக் கேட்டுக்குள் அப்போதுதான் தண்ணீர் தெளித்திருந்தார்கள். கூடத்தில் புது ஜமுக்காளம். ரங்கசாமி மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டையில் வாசலுக்கே வந்து கும்பிட்டார். உள்ளே பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். கேட்டுக்கு வெளியே ஒரு கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. ஒரு பழைய காரின் முதல் சொந்தக்காரரை விசாரிக்க இத்தனை சாட்சிகள் ஒரே இடத்தில் கிடைப்பது அபூர்வம் என்று எண்ணிக்கொண்டேன். பழப்பையைக் கொடுத்தேன். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தத்தோடு யாரோ அதை வாங்கிக்கொண்டு போனார்கள்.

நான் தாளைப் பிரித்தேன்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. எதையும் நேரடியாக் கேட்டுப்போடறது என்ற பழக்கம்."

"அதுதானுங்க நல்லது. கேளுங்க."

"எந்தக் காரணத்துக்காகக் கைமாத்தோணும்னு நெனச்சீங்க?"

"வருசம் ஆகுதுங்களே. எத்தனை நாளைக்கு நாமளே வெச்சிருக்க முடியும்? காலாகாலத்துல ஒரு நல்ல கையில புடிச்சுக் குடுத்தாத்தானுங்க நமக்கும் நிம்மதி."

'வருடம் ஆனதால் விற்றார். நேர்மையானவர்' என்று குறித்துக்கொண்டேன்.

"வில்லங்கம் ஏதாச்சும்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "மறைக்க மாட்டனுங்க. போன வருசம் ஈரோட்டுல ஒரு எடம் பேசினோம். சாப்புட்டுக் கை நனைக்கற வரைக்கும் வந்துச்சு. அப்பறம் அவிங்க பேச்சு மாறிப்போச்சுங்க. உட்டுப்போட்டோம்."

போன வருடமா? கார் அப்போது டாக்டரிடம் அல்லவா இருந்தது? ஒரு கேள்விக்குறி போட்டேன். குமரேசன் இருமினான். தறிப் பஞ்சு என்று நினைத்தேன்.

"அடி ஏதாச்சும் பட்டிருக்குதுங்களா?"

"சின்னதுல கெணத்து மேட்டுல உளுந்து ஒரு தழும்புங்க. இப்பத் தெரியவே தெரியாது."

"முன்பக்கமுங்களா, பின்பக்கமுங்களா?"

குமரேசன் மீண்டும் இருமினான், இந்த முறை பலமாக. "முட்டியிலீங்க" என்றார் ரங்கசாமி, முகம் சற்று மாறி. 'முட்டி' என்று எழுதினேன். காரில் அது எந்தப் பாகம் என்று குமரேசனிடம் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

"எண்ணெய் எப்படிங்க? அதிகம் குடிக்குமா?"

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு அம்மாளின் குரலில் பதில் வந்தது. "அவளுக்குப் பலகாரத்துல இருக்கற எண்ணெயே ஆவாதுங்க."

இந்த 'அவள்' எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் வண்டியைப் பெண்ணாகச் சொல்கிறவர்களும் உண்டல்லவா? மேலே போய்விடலாம் என்று ஆர்.சி. புத்தகத்தின் நகலை எடுத்து நீட்டினேன்.

"இந்தப் பக்கத்துல இருக்கறது உங்க கையெழுத்துதானுங்களா?"

அதே நேரத்தில் கதவு திறந்தது. பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக ஒரு பெண் வெல்லக் கச்சாயமும் காபியும் வைத்த தட்டுடன் வந்து நின்றாள்.

ரங்கசாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு மறுபடியும் படித்தார்.

"இது நானு வித்த காரு புக்குங்களே."

"ஆமாங்க. அதைப் பத்தித்தானுங்களே அரை மணி நேரமாப் பேசிட்டிருக்கறோம்."

அந்த வாக்கியத்தை நான் முடித்தபோதுதான் அந்தப் பெண்ணையும் தட்டையும் பூவையும், சலவைச் சட்டையில் காது சிவந்து உட்கார்ந்திருந்த குமரேசனையும் ஒரே பார்வையில் பார்த்தேன். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அதற்கான நடைமுறை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ரங்கசாமி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "ஊரே கேட்டுல நிக்குதுங்க" என்றார் மெதுவாக. "ஈரோட்டுக்காரங்க உட்டுட்டுப் போயே இன்னும் ஆறலை. இப்ப காரு விசாரிக்க வந்தாங்கன்னு சொன்னா என்ற புள்ளையத்தானுங்க சிரிப்பாங்க."

அவர் சொன்னது நியாயம். ஜோடித்து உட்கார வைத்த பெண்ணைப் பார்க்க யாருமே வரவில்லை என்பது, வந்து வேண்டாமென்று போவதைவிட மோசம். என்னால் வந்தது, நான்தான் தீர்க்க வேண்டும். அரசு அலுவலகத்தில், முறைப்படி அனுமதி வாங்காமல் நடந்துவிட்ட ஒன்றைப் பிறகு அனுமதி கொடுத்துச் சரிசெய்வதற்குப் 'பின்னேற்பு' என்று பெயர். என் மூளை நேராக அங்கே போயிற்று.

"நடந்தது நடந்துபோச்சுங்க. வந்தது வந்தோம், இதையே பொண்ணு பாத்ததா வெச்சுக்கலாம். கூட்டமும் மொறையா இருக்குது. மாப்ளே, உனக்கு ஆட்சேபணை உண்டா?"

குமரேசன் அந்தப் பெண்ணை ஒரே ஒரு முறை நிமிர்ந்து பார்த்தான். இல்லை என்று தலையாட்டினான். அவன் அவ்வளவு வேகமாக எதற்கும் தலையாட்டி நான் பார்த்ததில்லை.

அந்தப் பெண் தட்டை மேசைமேல் வைத்தாள். பெயர் கலைச்செல்வி, திருப்பூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் என்று பிறகு தெரிந்தது. வகுப்பில் பேசுகிற குரலில்தான் பேசினாள்.

"ஏனுங்க, காரு பாக்க வந்த எடத்துல அப்படியே பொண்ணையும் பாத்துட்டுப் போலாம்னுங்களா?"

"அப்படியில்லம்மா..."

"இருங்க. இத்தன நேரமா நானு கதவுக்குப் பின்னாலதான் நிக்கறேன். கேள்வி பூராம் நீங்களே கேட்டீங்க. இவரு ஒருக்காவாச்சும் வாயைத் தொறந்தாருங்களா?"

எல்லோரும் குமரேசனைப் பார்த்தார்கள்.

"இருமுனேனுங்க" என்றான்.

ரங்கசாமிகூடச் சிரித்துவிட்டார். அந்தப் பெண்ணும்தான். ஆனால் தீர்ப்பு மாறவில்லை.

"அம்மா, வெளிய சொல்லிப்போடுங்க. பையன் வந்தாரு, பாத்தேன், எனக்குப் புடிக்கல, வேண்டாம்னு சொல்லிட்டேன்னு." என் பக்கம் திரும்பினாள். "தப்பா நெனச்சுக்காதீங்க. யாராச்சும் ஒருத்தர் பேரு கெட்டுத்தான் ஆகோணும்னா வந்தவிங்க பேரு கெடட்டுங்க."

சட்டப்படி அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நான் கும்பிட்டேன்.

அதோடு விட்டாளா என்றால் இல்லை. என் கையிலிருந்த தாளை வாங்கி, பதினான்கு கேள்விகளுக்கும் நின்றபடியே பதில் எழுதினாள். விபத்து இல்லை. எண்ணெய் அளவாகத்தான் குடிக்கும். மழையில் இடது பக்கத்து வைப்பர் மட்டும் தகராறு. "நல்ல காருங்க. தோட்டத்துல நானு ஓட்டிப் பழகினதே அதுலதான். யோசிக்காம வாங்கிக்குங்க" என்று கொடுத்தாள். டீச்சர் அல்லவா, ஏழாவது கேள்வியில் இருந்த எழுத்துப் பிழையையும் திருத்தியிருந்தாள்.

திரும்பும்போது டீக்கடையில் மரியாதைக்கு நின்றோம். செய்தி எங்களுக்கு முன்பே வந்துவிட்டிருந்தது. "மனசத் தளர உட்டுராதீங்க தம்பி" என்றார் டீக்கடைக்காரர் குமரேசனிடம். பிறகு காலையில் குடித்த டீக்கும் தின்ற வடைக்கும் காசு வாங்கிக்கொண்டார்.

அன்று மாலை உக்கடம் போக முடியவில்லை. வீட்டில் நடந்த விசாரணை முடிய நேரமாகிவிட்டது. (விசாரணை அதிகாரி: தனலட்சுமி. உதவி: மாமியார்.) மறுநாள் காலை போனபோது கார் இல்லை. "ஞாயித்துக்கிழமை சாயங்காலம்னு சொல்லியிருந்தேனே சார்" என்றார் பாய். வாங்கியவர் என்ன விசாரித்தார் என்று கேட்டேன். "டயரை ஒரு உதை உதைச்சுப் பாத்தாரு. சரின்னாரு. எடுத்துட்டுப் போயிட்டாரு."

அந்தக் காரைப் பிறகு பல வருடங்கள் ஆர்.எஸ்.புரத்தில் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருநாளும் அது நின்றுபோய் யாரும் தள்ளி நான் பார்க்கவில்லை. மழை நாட்களில் இடது வைப்பர் மட்டும் ஓடாது.

ஆனால் நஷ்டம் காரில் இல்லை. அடுத்து வந்த வரன்காரர்கள் குமரேசனைப் பற்றி விசாரித்தபோது முதல் கேள்வியே இதுதான்: "பல்லடத்துல பொண்ணே வேண்டாம்னு சொல்லிப்போட்டாளாமே, எதுக்குங்க?" பல்லடத்திலிருந்து கோயமுத்தூர் வருவதற்குள் கதையும் வளர்ந்திருந்தது. பையன் ஊமையாம். பேசச் சொன்னால் இருமுவானாம். அங்கிருந்து அவிநாசியைத் தாண்டும்போது அது காசநோயாகவே ஆகிவிட்டது.

நான் சும்மா இருந்திருக்கலாம். அரசு மருத்துவரிடம் அவனை அழைத்துப்போய் மார்பு எக்ஸ்ரே எடுத்து, நோய் எதுவும் இல்லை என்று சான்று வாங்கி, சான்றொப்பமிட்ட நகலை ஜாதகத்தோடு இணைத்து அனுப்பினேன். அதுவரை சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அதைப் பார்த்ததும் உறுதியாகிவிட்டது. கொங்கு நாட்டில் ஜாதகத்தோடு எக்ஸ்ரே ரிப்போர்ட் அனுப்பிய ஒரே குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். இரண்டு வருடம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

கடைசியில் பெருந்துறையிலிருந்து சாந்தாமணியின் ஜாதகம் வந்தது. வதந்தியைக் கேட்டும் அவர்கள் வீட்டார் பெண் பார்க்க வரச் சொன்னார்கள். நாங்கள் பஸ்ஸில்தான் போய் இறங்கினோம். நான் எதுவும் பேசக் கூடாது என்று தனலட்சுமி முந்தைய நாளே சத்தியம் வாங்கியிருந்தாள். ஆனால் அதற்குத் தேவையே இருக்கவில்லை. வாயைத் திறந்தாரா என்று கலைச்செல்வி கேட்ட அந்த ஒரு கேள்வி இரண்டு வருடமாகக் குமரேசனுக்குள் இருந்திருக்கிறது. உட்கார்ந்ததும் வாயைத் திறந்தவன், தன் பட்டறையில் தொடங்கி மோட்டார் காயில் கட்டுவது வரைக்கும் ஒன்றேகால் மணி நேரம் நிறுத்தாமல் பேசினான். சம்மதம் என்று சொன்னால்தான் நிறுத்துவான் போலிருந்தது என்று சாந்தாமணி பிற்பாடு சொன்னாள்.

அவன் இன்னும் நிறுத்தவில்லை. கல்யாணம், காதுகுத்து, எழவு என எங்கே பார்த்தாலும் நாலு பேருக்கு நடுவில் அவன் குரல்தான் கேட்கும். சாந்தாமணி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்ப்பாள். பிறகு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, என்னிடம் அதே கேள்வியைக் கேட்பாள். இத்தனை வருடத்தில் ஒரு சொல்கூட மாறியதில்லை.

"ஏனுங்கண்ணா, அந்தப் பல்லடத்து அம்மிணி அட்ரஸ் இருக்குதுங்களா? நேருல போயி எப்படித் தப்பிச்சாங்கன்னு விசாரிச்சுட்டு வாரேன்."

அட்ரஸ் இருக்கிறது. ஆனால் மேல்முறையீட்டுக்கான காலக்கெடு முடிந்துவிட்டதென்று சொல்லி மறுத்துவிடுவேன்.